டைமண்ட் கட் அலாயில் வெள்ளைப் புழு: பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா?

உப்பளக் காற்று (தூத்துக்குடி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 2018-இல் வாங்கிய ஹேட்ச்பேக். மாடல் பெயரைச் சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டைக்குப் போய்விடும், அதனால் வேண்டாம். 15 இஞ்ச் டைமண்ட் கட் அலாய் (முகத்தை லேத்தில் சீவிப் பளபளப்பாக்கிய அலுமினிய வீல்), நாலு நட்டு. ஸ்டெப்னி மட்டும் 14 இஞ்ச் இரும்பு ரிம்.

இரண்டு வருடமாக ஸ்போக் ஓரங்களில் லாக்கருக்கு (மேலே பூசிய கண்ணாடி மாதிரிப் பூச்சு) அடியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுகிறது. நேர்க்கோடு இல்லை, மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நகத்தால் நெண்டினால் லாக்கர் செதிலாக உரிந்து வருகிறது, உள்ளே விபூதி போல வெள்ளைப் பொடி. முதலில் ஒரு வீலில் ஒரு ஸ்போக்கில் இருந்தது, இப்போது நாலு வீலிலும் வந்துவிட்டது.

நான் தினமும் போய்வருகிற ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். காலையில் கார்க் கண்ணாடியைத் துடைத்த துணியை நாக்கில் வைத்தால் கரிக்கும் (ஒரு தடவை வைத்துப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்). ஞாயிற்றுக்கிழமை வாட்டர் சர்வீஸ் விடும் இடத்தில் ஒரு பையன் பாட்டிலில் இருந்து எதையோ வீலில் அடிப்பான். நுரை பொங்கும், பிரேக் கரி எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டு அவனுக்கு இருபது ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு தொல்லை. பின்பக்க இடது வீலில் காற்று நிற்பதில்லை. 32 பிஎஸ்ஐ வைத்தால் பத்து நாளில் 26. பஞ்சர் கடையில் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்கள். ஆணி எதுவும் இல்லை, ரிம்மும் டயரும் சேருகிற இடத்தில்தான் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். இங்கே டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து சில்வர் அடித்துத் தர வீலுக்கு 1,200, ஒரே நாள் வேலை. மதுரையில் லேத்தில் போட்டுத் திரும்ப டைமண்ட் கட் செய்ய 3,500. கோவையில் பவுடர் கோட்டிங் (நிறப் பொடியை ஒட்டவைத்து ஓவனில் சுடுவது), பழைய பெயிண்ட் உரிப்பதோடு சேர்த்து 2,200. ஆனால் அங்கே விசாரித்த என் சித்தி மகன், "அவங்க பெரும்பாலும் கேட்டும் பீரோவும்தான் அடிக்கிறாங்க" என்கிறான். புது செட் வாங்கினால் 26,000 சொல்கிறார்கள்.

உப்புக்காற்றில் எது நிற்கும்? அந்த வெட்டுப் பளபளப்பை வைத்துக்கொள்ள வழி உண்டா? ஓவனில் வைத்துச் சுட்டால் வீல் பலம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? "கார் ஓடுதுல்ல, விடுங்க" என்பது வீட்டம்மாவின் கருத்து. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.


ஞாயிறு பெயிண்டர் (சேலம்):

நான் தொழில்காரன் இல்லை. மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெயிண்ட் அடிக்கிறவன். என்னிடம் இருப்பது பழைய மாருதி 800, 12 இஞ்ச் இரும்பு ரிம். அலாய்க்கு என் அனுபவம் அப்படியே பொருந்தாது. ஆனாலும் சொல்கிறேன்.

முதல் தடவை ஸ்ப்ரே டின் வாங்கி அடித்தேன். துரு மேலே லேசாக எமரி ஷீட் போட்டுத் தேய்த்துவிட்டு, பிரைமர் இரண்டு கை, கறுப்பு இரண்டு கை. முடித்த அன்று மாலை போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஐப்பசி மழை முடிவதற்குள் நட்டைச் சுற்றி உரிந்துவிட்டது. பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்ட இடம் மெழுகு மாதிரி இளகிப் போனது. டின்னில் வருவது பெரும்பாலும் காற்றில் காய்கிற ஒற்றைப் பெயிண்ட். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட் மாதிரி அது இறுகாது.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்தேன், தின்னரில் துடைத்தேன். ஹார்டனர் கலந்த எபாக்ஸி பிரைமர், அதன்மேல் டூகே பியூ, அதுவும் ஹார்டனர் கலக்கும் பெயிண்ட்தான். கம்ப்ரஸர் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வாடகை. நாலு வருடம் ஆச்சு, கல் பட்ட இடங்கள் தவிர நன்றாகவே இருக்கிறது.

டயரைக் கழற்றவில்லை. டயரில் காற்றை இறக்கிவிட்டு, ரிம் விளிம்புக்கும் ரப்பருக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வட்டமாகச் செருகினேன். எங்கள் வீட்டில் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. கெட்டி அட்டை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும், டயரில் ஒரு துளி கூடப் படாது. ஆனால் உங்களுக்குக் காற்று இறங்குகிறது என்றால் டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பத்திரிகை வேலைக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், முதல் தடவை நானே அப்படித்தான். அன்று ராத்திரி நெஞ்சு இறுகி இருமினேன். கடையில் செய்கிறவர்கள் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போடுவார்கள். அது இல்லாமல் வீட்டில் அடிக்காதீர்கள். நானும் இனிமேல் அடிப்பதாக இல்லை.


பின்சீட்டுக்காரன்:

நாலு வீல் கப் வாங்கி மாட்டுங்கள். பிரச்சினை கண்ணில் படாது. வீட்டம்மா சொல்வதே சரி.


பழைய பட்டறை (கோவை):

தம்பி, கணபதியில் ஒரு ஜாப் ஆர்டர் பவுடர் கோட்டிங் பட்டறையில் 22 வருடம் இருந்தேன். முதல் எட்டு வருடம் பவுடர் அடிக்கும் கன் பிடித்தேன், அப்புறம் சூப்பர்வைசர். மோட்டார் பம்பு பாடி, ஸ்விட்ச் போர்டு பெட்டி, பீரோ, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எல்லாம் ஓடும். நடுவே யாராவது நாலு வீலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நாலு வீல்தான் எங்களுக்குத் தலைவலி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் வெள்ளைப் புழு எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். டைமண்ட் கட் வீலைத் தொழிற்சாலையில் முதலில் முழுக்கப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பிறகு லேத்தில் மாட்டி முகத்தை மட்டும் சீவுவார்கள். பெயிண்ட், பிரைமர், அடியில் இருக்கும் ரசாயனப் பிடிப்பு எல்லாம் அந்த இடத்தில் போய் வெறும் அலுமினியம் பளபளக்கும். அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் லாக்கர், அவ்வளவுதான். சீவின இடத்தின் ஓரம் கத்தி முனை மாதிரி கூர்மையாக இருக்கும். லாக்கர் திரவம்தானே, கூர்முனையில் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து அங்கே மெலிந்துவிடும். அந்த மெல்லிய ஓரத்தில் ஒரு பொடிக்கல் பட்டால் போதும். உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து லாக்கருக்கும் உலோகத்துக்கும் நடுவே நூல் நூலாக நகரும். உங்கள் ஸ்போக் ஓரத்தில்தானே ஆரம்பித்தது? பேலன்சிங் கட்டியைச் சுத்தியலால் தட்டி மாட்டின விளிம்பையும் பாருங்கள், அங்கேயும் ஆரம்பித்திருக்கும்.

சர்வீஸில் அந்தப் பையன் அடித்தது பெரும்பாலும் ஆசிட் கலந்த கிளீனராகத்தான் இருக்கும். அது பிரேக் கரியோடு நிற்காது. லாக்கரில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அதற்குள்ளும் போகும். இருபது ரூபாய் கொடுத்து வினையை வாங்கியிருக்கிறீர்கள்.

அதனால் மதுரை லேத் வேண்டாம். திரும்பச் சீவினால் இன்னும் கொஞ்சம் உலோகம் குறையும், ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் வீல் தாங்கும். சீவி முடித்தபின் மேலே போடுவது அதே லாக்கர்தான், கீழே அதே வெறும் அலுமினியம்தான். உப்பளத்து ரோட்டில் ஓடுகிற காருக்கு அது 3,500 மொய் எழுதுகிற மாதிரி. வெட்டுப் பளபளப்பை மறந்துவிடுங்கள், ஒரே நிறத்துக்குப் போங்கள்.

சரி, பவுடரா பெயிண்டா? என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே இரண்டாவது. நன்றாக அடித்த டூகே பெயிண்டும் நிற்கும், மோசமாக அடித்த பவுடரும் தகடு தகடாக உரியும். பவுடர் உரிந்தால் இன்னும் அசிங்கம். ஒரு இடத்தில் ஈரம் புகுந்தால் அது 60, 80 மைக்ரான் கெட்டித் தோல், அடியில் என்ன நடக்கிறது என்றே வெளியே தெரியாது. அடித்தவனைவிட உரித்தவன் யார் என்று கேளுங்கள்.

இரும்புக்கு எங்களிடம் வரிசையாக ஏழு தொட்டி. எண்ணெய் எடுக்க, துரு எடுக்க ஆசிட், பாஸ்பேட் ஏற்ற, நடுநடுவே தண்ணீர். பீரோவுக்கு அது சரி. அலாய் வீலைக் கொண்டுபோய் அந்த ஆசிட்டில் முக்கினால் கெட்டது. பெயிண்ட் உரிக்க காஸ்டிக் தொட்டியில் போட்டால் இன்னும் மோசம், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கும். பொங்குவது அழுக்கு இல்லை, வீலின் அலுமினியம் கரைகிறது. புதுப் பையன் ஒருவன் தெரியாமல் செய்தான், பத்து நிமிடத்தில் எடுத்தும் முகம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அலாய்க்கென்று உள்ள ரிமூவர் தடவி உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்தில் பிளாஸ்டிங், அதாவது காற்றோடு பொடியைப் பீய்ச்சி உரிப்பது. பிளாஸ்டிங்கில் என்ன பொடி போடுகிறார்கள் என்று கேளுங்கள். கண்ணாடி மணியோ அலுமினியம் ஆக்ஸைடோ என்றால் சரி. இரும்புக் குண்டு என்றால் வேண்டாம். அலுமினியத்தில் இரும்புத் துகள் பதிந்துவிடும், ஆறு மாதம் கழித்து பவுடருக்கு அடியிலிருந்து செம்புள்ளி எட்டிப் பார்க்கும்.

உரித்த வீலுக்கு அந்த ரசாயனப் பிடிப்பைத் திரும்பக் கொடுக்க குரோமேட், இப்போது குரோமியம் இல்லாத வகையும் வந்துவிட்டது, ஏதாவது ஒன்று ஏற்ற வேண்டும். மஞ்சள் குரோமேட் என்றால் வீல் முழுக்க லேசாகப் பொன்னிறம் படரும், மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. அந்த நிறத்தைக் கண்ணால் பார்த்தபின்தான் நான் கன்னைக் கையில் எடுப்பேன். அன்றைக்கே பவுடர் ஏற வேண்டும். வெறும் கையால் தொடக்கூடாது, வியர்வையும் உப்புதான். சிலர் பிளாஸ்டிங் ஓரிடம், கோட்டிங் ஓரிடம் என்று பிரித்து, நடுவே வீலை வீட்டு வாசலில் வைத்திருப்பார்கள். தூத்துக்குடியில் ஒரு ராத்திரி வெளியே வைத்தால் முடிந்தது கதை.

அப்புறம் இந்த ஊசித்துளை விவகாரம். வீல் வார்ப்பு உலோகம், உள்ளே பொடிப்பொடியாகக் காற்றும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்திருக்கும். ஓவனில் பவுடர் உருகி வெல்லப்பாகு மாதிரி படரும்போது உள்ளே இருக்கிற வாயு வெளியேறப் பார்க்கும். தோசைக்கல்லில் மாவு ஊற்றினதும் கண் விழுகிறதே, அதே மாதிரி வீல் முகம் முழுக்கக் கண் விழும். நான் முதன்முதலில் கறுப்பு அடித்த செட் அப்படித்தான் வந்தது. தோசைக்குக் கண் விழுந்தால் அழகு, வீலில் ஒவ்வொரு கண்ணும் உப்பு நுழைகிற வாசல். அதற்கு வழி, பவுடர் ஏற்றும் முன் வீலை வெறுமனே ஒரு தடவை ஓவனில் வைத்து எடுப்பது, பிறகு பவுடர் சுடப்போவதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில். வர வேண்டிய வாயு வந்துவிடும். ஆறவிட்டுப் பவுடர். பீரோத் தகட்டுக்கு இந்த வேலையே கிடையாது என்பதால் பல கடைகளில் இது பழக்கமில்லை.

சூடு பற்றிக் கேட்டீர்கள். பயம் நியாயமானது, ஆனால் அளவு தெரிய வேண்டும். சாதாரண பாலியஸ்டர் பவுடர் 180 முதல் 200 டிகிரிக்குள் பத்திலிருந்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும். இது வீலின் உலோகச் சூடு. ஓவன் மீட்டரில் தெரிவது உள்ளே இருக்கிற காற்றின் சூடு. ஏழெட்டுக் கிலோ வீல், நடுவில் தடித்த கட்டி. மீட்டர் 200 காட்டும்போது அந்த நடுக்கட்டி 140-இல்தான் நிற்கும். அது ஏறினபின் நேரத்தை எண்ண வேண்டும். அலாய் வீலைத் தொழிற்சாலையிலேயே சூடேற்றிப் பக்குவம் செய்துதான் அனுப்புகிறார்கள், அந்தக் கடைசிப் பக்குவம் 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம். அதனால் 180-இல் அளவாக ஒன்றிரண்டு தடவை சுட்டால் வீல் ஒன்றும் உளுத்துப் போகாது. 200-க்கு மேலே நீண்ட நேரம், திரும்பத் திரும்ப என்றால்தான் பக்குவம் இளகும்.

இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் கொக்கிகளில் பவுடர் படிந்து கெட்டியாகிவிடும், அதை எரித்து உரிக்கத் தனிச் சூளை உண்டு, 400 டிகிரிக்குப் போகும். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், அவசரம். வீலில் பழைய பெயிண்ட் ரிமூவருக்கு அசையவில்லை என்று ஒருவர் இரண்டு வீலைக் கொக்கியோடு சேர்த்து அந்தச் சூளைக்குள் தள்ளிவிட்டார். மறுநாள் சுத்தமாக உரிந்து வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, தம்பி. தட்டிப் பார்த்தேன், மொத்தென்றது. அப்படித்தான் அன்று என் காதுக்குப் பட்டது. முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கட்டிங் வீலை எடுத்து இரண்டையும் நாலாக அறுத்தார், யாரும் எடுத்துப் போய் மாட்டிவிடக்கூடாது என்று. கஸ்டமருக்குப் புது வீல் வாங்கிக் கொடுத்தோம். அந்த மாதம் எங்களுக்கு போனஸ் பாதிதான்.

பவுடரிலும் வகை உண்டு. வீட்டுக்குள் நிற்கிற சாமானுக்கு எபாக்ஸி கலந்த பவுடர் அடிப்பார்கள், விலை குறைவு, பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் வெயிலில் வைத்தால் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். மேல் கோட்டு சுத்த பாலியஸ்டராக இருக்க வேண்டும். உங்கள் ஊருக்கு நான் செய்வதாக இருந்தால், அடியில் எபாக்ஸி பிரைமர் பவுடர், அதை அரை வேக்காட்டில் நிறுத்தி மேலே பாலியஸ்டர், இரண்டும் சேர்ந்து முழுசாக வேக வேண்டும். சில்வர் கேட்டால் ஆர்ஏஎல் நிற அட்டவணையில் 9006 கொடுப்பார்கள், அது அலுமினியத் துகள் கலந்தது, மேலே கிளியர் ஒரு கோட்டு இல்லாவிட்டால் கறுத்துப் போகும். அதற்கு இன்னொரு தடவை ஓவன். 7016 கரும் சாம்பல் எடுத்தால் அந்த வேலை இல்லை, பிரேக் கரியும் தெரியாது.

கடைசியாக, ஆனால் என் கணக்கில் இதுதான் முதல். நட்டு உட்காரும் அந்தக் கூம்புப் பள்ளம், பின்னால் ஹப்பில் பதியும் முகம், நடு ஓட்டை, இந்த மூன்றிலும் பவுடர் ஏறக்கூடாது. பவுடர் எலக்ட்ரோஸ்டாட்டிக், கன்னில் பல ஆயிரம் வோல்ட், வீலை எர்த் செய்து தொங்கவிட்டிருப்போம். முன்னால் நின்று அடித்தால் பின்னாலும் சுற்றிப் போய் ஒட்டும், கோலமாவைக் கொட்டின மாதிரி. நீங்கள் மறைக்கச் சொல்லாவிட்டால் அந்தப் பள்ளத்திலும் அழகாக ஒட்டி வெந்துவிடும். நட்டை முடுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். நூறு கிலோமீட்டர் ஓடினபின் அந்தத் தோல் நசுங்கும், நட்டு லூஸ். சூடு தாங்கும் டேப், சிலிகான் அடைப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் வீலை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.


உப்பளக் காற்று:

அண்ணாச்சி, இவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினதுக்கு ரொம்ப நன்றி. சித்தி மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் அந்தக் கடைக்குப் போன் செய்து என்ன பவுடர் என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே பவுடர்தாங்க" என்றார்களாம். அதனால் வேறு இடம் தேடுகிறோம். வேலை முடிந்து வாங்கும்போது சரியாக வெந்திருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?


பழைய பட்டறை:

முடியும். வீலின் உள்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், பஞ்சில் தின்னர் தொட்டு இருபது தடவை தேய்க்கச் சொல்லுங்கள். பளபளப்பு லேசாக மங்கலாம், அது பரவாயில்லை. பஞ்சு முழுக்க நிறம் வந்து, இடம் பிசுபிசுத்தால் வேகவில்லை. பிடிப்புப் பார்க்க பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி செலோடேப் ஒட்டிப் பிடுங்குவார்கள், ஆனால் அதை உங்கள் வீலில் செய்ய வேண்டாம். அதே நாள் அதே கொக்கியில் ஒரு துண்டு அலுமினியத்தைச் சேர்த்துத் தொங்கவிடச் சொல்லுங்கள், அதில் கீறிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். ஸ்போக்கின் உள்மூலைகளையும் விரலை விட்டுத் தடவுங்கள். அந்த மூலைக்குள் பவுடர் போக அடம்பிடிக்கும், அவசரமாக அடித்தால் அங்கே மெலிந்து அடிநிறம் தெரியும்.


டயர்கடைத் தம்பி (திருநெல்வேலி):

எங்கள் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை. பின் இடது வீலில் காற்று இறங்குவது உப்பு அரிப்பால்தான் என்று முடிவு கட்டாதீர்கள். விளிம்பில் வெள்ளை பூத்து ரப்பர் சரியாக உட்காராமல் கசிவது வழக்கம்தான், நாங்களே தேய்த்து சீலர் தடவி அனுப்புகிறோம். ஆனால் ரிம்மின் உள்பக்க விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் குமிழி அங்கேயேதான் வரும். குண்டு குழியில் அடி வாங்கும்போது உள்பக்கம்தான் முதலில் விடும், நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. உரித்ததும் வெறும் உலோகத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால் வெல்டிங் வைத்து மேலே பவுடர் அடித்துத் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டும்போது: புது வால்வு போடுங்கள், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். காற்றழுத்த சென்சார் இருக்கிற வண்டி என்றால் ஓவனுக்குப் போகும் முன் கழற்றியாக வேண்டும். பேலன்சிங்குக்கு விளிம்பில் தட்டி மாட்டுகிற கட்டி வேண்டாம், உள்ளே ஒட்டுகிற கட்டி கேளுங்கள். டயர் மெஷின் தாடைக்கு பிளாஸ்டிக் உறை இருக்கிற கடைக்குப் போங்கள், இல்லையென்றால் முதல் நாளே விளிம்பில் நாலு பல் தடம் விழும். நட்டை ஏர் கன்னில் கடகடவென்று முடித்தால் நிறுத்தச் சொல்லி, டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வண்டி மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும்.


உப்பளக் காற்று (ஏழு வாரம் கழித்து):

முடிந்தது. நடந்ததைச் சொல்ல வேண்டியது கடமை.

கோவையிலேயே வேறு ஒரு பட்டறை கிடைத்தது, பைக் சேஸிஸும் வீலும் அதிகம் செய்கிறவர்கள். அண்ணாச்சி சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். நட்டுப் பள்ளத்தை மறைப்பீர்களா என்று கேட்டதும் அங்கிருந்த பெரியவர் ஒரு டப்பாவைத் திறந்து சிவப்பு சிலிகான் அடைப்பான்களைக் காட்டினார். "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்றார். அதன்பிறகு மீதிக் கேள்வியை நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் ரூம் எடுத்துத் தங்கினேன். உரித்ததும் போனில் கூப்பிட்டார்கள். டயர்கடைத் தம்பி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பின் இடது வீலில் உள்விளிம்பிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. பெயிண்டோடு இருந்தபோது கீறல் மாதிரிகூடத் தெரியவில்லை, வெறும் உலோகத்தில் பென்சில் கோடு மாதிரி நின்றது. போன வருடம் பாலம் இறங்கும் இடத்தில் ஒரு குழியில் விழுந்தது நினைவுக்கு வந்தது. பெரியவர் வெல்டிங் பேச்சையே எடுக்கவில்லை, அந்த வீலைத் தனியே சுவரோரம் சாத்திவிட்டார்.

அதே மாடலில் புது வீல் ஒன்று கோவையிலேயே வாங்கினேன். அட்டைப் பெட்டியைத் திறந்தால் டைமண்ட் கட், கண்ணாடி மாதிரி மின்னியது, முகம் பார்க்கலாம். மற்ற மூன்றோடு சேர வேண்டுமே. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத அந்த வீலை என் கண் முன்னாலேயே உரித்தார்கள். பத்து நிமிடம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

7016 சாம்பல், அடியில் பிரைமர், ஆக வீலுக்கு 2,900. புது வீல் தனி. மொத்தத்தை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. "கறுப்பா இருக்கு, ஆனா பரவாயில்லை" என்று ஒரு சான்றிதழ் மட்டும் கிடைத்திருக்கிறது. வாட்டர் சர்வீஸ் பையனிடம் பாட்டிலைத் தொடாதே, ஷாம்பும் தண்ணீரும் போதும் என்று சொல்லிவிட்டேன். இருபது ரூபாய் அப்படியே.

நாலு வீலிலும் 32 வைத்தேன். பதினோராம் நாள் பார்த்தேன், பின் இடதில் 32.


பழைய பட்டறை:

நல்லதுங்க. நட்டைத் திரும்ப முடுக்கினீங்களா?


உப்பளக் காற்று:

முடுக்கினேன் அண்ணாச்சி, 80 கிலோமீட்டரில். முன் இடது சக்கரத்தில் ஒரே ஒரு நட்டு மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது, மற்றதெல்லாம் அசையவில்லை. அந்த ஒன்றைக் கழற்றிப் பள்ளத்தைப் பார்த்தேன். ஓரத்தில் நகக்கண் அளவு சாம்பல் பவுடர் நசுங்கி இருந்தது. பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டினேன். நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கிறேன்.